செல்விக்கு மட்டும் போட்ட ஊசி

பாகூர் போகிற பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு ஓர்ப்படிகள். அண்ணன் தம்பியைக் கட்டி ஒரே வீட்டில் இருப்பவர்கள். இருவருக்குமே பித்தப்பையை எடுத்தாச்சாம். மூத்தவளுக்குப் போன வருஷம், இளையவள் செல்விக்கு இப்போதுதான். ஆஸ்பத்திரியில் தையலைக் காட்டிவிட்டுத் திரும்புகிறார்கள்.

"வலிக்கவே இல்லன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியிறியாமே?" என்று மூத்தவள் ஆரம்பித்ததும் என் காது அங்கே போய்விட்டது.

"கொஞ்சந்தான்க்கா வலிச்சிச்சு. வயித்துல ஓட்டை போட்ட இடத்துலயே மரத்துப்போற ஊசி போட்டுட்டாங்க."

"எனக்கும் அதே ஓட்டைதானடி? எனக்கு ஏன் போடல? கண்ணு முழிச்சி நான் கத்தின கத்துல வார்டே எழுந்துகிச்சு. வயித்துல ஊதின காத்து ஏறி தோள்பட்டைல வேற குத்தல். உனக்கு மட்டும் இன்னா ராஜ உபசாரம்?"

"எனக்குந்தான் உம்மேல வயித்தெரிச்சல்."

"எம்மேல இன்னாடி?"

"நீ கத்தினதால உன் வூட்டுக்காரரு பக்கத்துலயே ஒக்காந்து கஞ்சி ஊட்டினாரு. மாமியாரு உன்னத் தொடப்பத்தத் தொட வுடல. நான் சிரிச்சிக்கினே வந்தேனா, மறுநாளே மாட்டுக்குத் தண்ணி தூக்கச் சொல்லிட்டாங்க. வெயிட்டு தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாருன்னா, வலியே இல்லாதவளுக்கு இன்னா ஆபரேஷன்னு கேக்குறாங்க."

அவர்கள் நிறுத்தம் வந்தது. எழுந்தபோது செல்வி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். மூத்தவள் அவள் கையிலிருந்த கூடையைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இப்ப வயித்தப் புடிச்ச பாரு, வூட்டு வாசல்லயும் இப்படியே புடி. கத்துற வேலைய நான் பாத்துக்கறேன்."