பதினாலாவது டிக்

ஹலோ... ஹலோ, எடுத்துட்டியா! அப்பாடா... இல்லம்மா, ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஏழு தடவ அடிச்சேன், எடுக்கல, அதான்... ஆமா ஆமா, வண்டில போறப்ப எப்படிக் கேக்கும், கைப்பைக்குள்ள கெடந்திருக்கும்... சரி, இப்ப எடுத்திருக்கியே, வண்டி நிக்குதா?... அட, நிக்குதா ஓடுதா, அத மொதல்ல சொல்லு... நிக்குது. எஞ்சின் ஆஃப்பா?... ஆஃப். சரி. நல்லது. ரொம்ப நல்லது.

எங்க நிக்கிறீங்க?... பாலத்து எறக்கத்துக்கு முன்னாடியா, தாண்டியா?... முன்னாடி. டீக்கடை. நல்ல காரியம் பண்ணீங்க. குட்டி தண்ணி கேட்டாளா... தாராளமா குடிக்கட்டும். அவசரப்படுத்தாத. ரெண்டு கிளாஸ் குடிக்கட்டும்...

என் குரலுக்கு என்ன?... மூச்சு வாங்குதா? மாடிப்படி ஏறி எறங்கினேன்... சும்மாதான். எங்க வீட்டு மாடி, நான் ஏறக் கூடாதா?... வேண்டுதலும் இல்ல ஒண்ணும் இல்ல. கிண்டல் பண்ணாத.

மாப்ள என்ன பண்றாரு?... டீ குடிச்சாச்சா. வண்டி எப்படிப் போகுதுன்னு ஏதாவது சொன்னாரா?... இல்ல, சும்மா கேட்டேன். டயர மாத்திக் குடுத்தவன் கேக்க மாட்டானா... ஆமா... ஆமா... மொத ஆளா நீங்கதான ஓட்டுறீங்க, அதான் ஒரு இது... என்னது? பின்னாடி ஆடுதா?

...எப்போலேர்ந்து?... சந்தைய தாண்டினதுலேர்ந்தா. நீ அவர்கிட்ட சொல்லலியா?... ஆமா. நான்தான் சொன்னேன். புது டயர் அப்படித்தான் இருக்கும்னு. ஆமா, நூறு கிலோமீட்டர் ஓடினா பழகிடும்னு. சொன்னேன்... சொன்னேம்மா, இல்லங்கல.

இரு இரு இரு, கெளம்புறீங்களா? கெளம்பாதீங்க! அவர உக்காரச் சொல்லு... கிக்கர்ல கால வெக்க வேண்டாம்னு சொல்லு! கத்தல, நான் கத்தல... சரி, கத்தினேன். காரணம் இருக்கு. ஒண்ணொண்ணா சொல்றேன், நடுவுல பேசாம கேளு.

முதல் விஷயம், வண்டி இப்ப நகரக் கூடாது. ரெண்டாவது, பயப்படுற மாதிரி ஒண்ணும்... இல்ல, கொஞ்சம் பயப்படுற மாதிரிதான். பின்சக்கரத்துல போட வேண்டிய ஒரு பின் இங்கயே தங்கிடுச்சு... பின்னும்மா. சின்னது. தலைக்குக் குத்துற பின் மாதிரி ரெண்டு கால் இருக்கும், ஓட்டைல சொருகி காலை ரெண்டு பக்கமும் மடக்கி விடணும். அது இருந்தா நட்டு கழலாது... அது இல்லன்னா... அதான் ஃபோன் பண்ணினேன்.

...எங்க கெடந்துச்சா? அது வந்து... உங்க அண்ணி வாசல் பெருக்குறப்ப கெடைச்சிருக்கு. இது என்னங்கன்னு கொண்டு வந்து நீட்டுறா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு... ஆமா, இப்பத்தான். இப்பத்தான், ஒரு அஞ்சு நிமிஷம்...

(பக்கத்தில் நிற்பவளிடம்) என்ன மொறைக்கிற? பேசிட்டிருக்கேன்ல. கொஞ்சம் உள்ள போயேன்... போக மாட்டியா? சரி, நில்லு.

இல்ல, உன்னைச் சொல்லல. உங்க அண்ணிய... ஒண்ணும் சொல்லல, அவ பாட்டுக்கு நிக்கிறா.

இப்ப மாப்ளய பின்சக்கரத்துக்கிட்ட உக்காரச் சொல்லு. ஸ்பீக்கர்ல போட்டுட்டியா? நல்லது, ரெண்டு பேரும் கேளுங்க. மாப்ள, சைலன்சர் இருக்கிற பக்கம் பாருங்க. சைலன்சர்ல கை படாம, சூடா இருக்கும். சக்கரத்துக்கு நடுவுல பெரிய நட்டு. கோட்டைச் செவுரு மாதிரி மேல வெட்டு வெட்டா இருக்கும்... அதேதான். அதுக்கு வெளிய நீட்டிட்டு நிக்கிற கம்பில ஒரு ஓட்டை... வெறும் ஓட்டையா... ஆமா. வெறும் ஓட்டையாத்தான் இருக்கும்.

இப்ப விரலால அந்த நட்ட லேசாத் திருப்பிப் பாருங்க. திரும்பாது. ஒரு முழ நீளத்துக்கு ஸ்பேனர் போட்டு, மேல ஏறி நின்னாதான் அசையும். சும்மா ஒரு இதுக்குத்தான் பாக்கச் சொல்றேன்...

சுத்துதா?

...விரலாலயா?... ரெண்டு விரலால. சரி... சரி. எத்தனை மரை பிடிச்சிருக்கு?... மரைன்னா அந்தக் கோடு கோடா... மூணா? மூணுதானா?



இருக்கேன். இருக்கேன்மா, லைன்லதான் இருக்கேன்... எறக்கத்துல பிரேக் பிடிச்சிருந்தா... வேணாம். அத நீ கேக்காத. நானும் சொல்லல. குட்டி உனக்கும் அவருக்கும் நடுவுலதான உக்காந்து வந்தா?... ஆமா, தெரியும். நான்தான தூக்கி உக்கார வெச்சேன்.

அழாத. நிறுத்திட்டீங்கல்ல, அதுதான் பெருசு. குட்டிக்குத் தாகம் எடுத்துச்சு பாரு...

எப்படியா? கேப்பன்னு தெரியும். என் மேல எந்த... இல்ல, என் மேலதான் தப்பு. நேத்து நான் எப்படி வேலை செஞ்சேன்னு பாத்தல்ல. பழைய காலண்டர் தாள வாசல்ல விரிச்சு, கழட்டுற ஒவ்வொண்ணையும் வரிசையா வெச்சு, சுத்தி பென்சிலால கோடு போட்டு, பதினஞ்சு சாமானுக்கும் நம்பர் எழுதி... ஆமா, நீகூட சிரிச்ச, ஆபரேஷன் தியேட்டர் மாதிரி இருக்குன்னு. மாப்ள ஃபோட்டோல்லாம் எடுத்தாரு. சோப்புத் தண்ணி தடவி, பட்டை இரும்ப விட்டு நெம்பி, ட்யூப் கிள்ளுப்படாம டயர ரிம்முல ஏத்தினேன்ல, அதெல்லாம் ஒரு குறையும் இல்ல. டயர் வேலை சுத்தம். வேணும்னா... சரி. இப்ப அது முக்கியம் இல்ல. ஒத்துக்கிறேன்.

தப்பு எங்கன்னா, டிக் போடுறதுல. ஒவ்வொண்ணா திருப்பி மாட்டுறப்ப தாள்ல டிக் போட்டுட்டு வந்தேன். மாட்டினப்புறம் போடணும். நான் கைல எடுக்கிறப்பவே போட்டுடுவேன். ஆபீஸ்ல இருபத்தியொரு வருஷமா அதே பழக்கம். ஃபைல அலமாரிலேர்ந்து எடுக்கிறப்பவே ரிஜிஸ்டர்ல 'அனுப்பியாச்சு'ன்னு டிக் போட்டுட்டு, அப்புறம்தான் அனுப்புவேன். அங்க ஃபைல்தான் ரெண்டு நாள் லேட்டாகும். ஆள் விழ மாட்டாங்க...

பதினாலாம் நம்பர் பின்னு. எடுத்தேன், டிக் போட்டேன். நட்ட இறுக்கினா பின் ஓட்டை நேரா வரல. சரின்னு கால் சுத்து தளர்த்தி நேரா கொண்டு வந்தேன். அந்த நேரம் பாத்து ஆபீஸ்லேர்ந்து ஃபோன். கையெல்லாம் கிரீஸு. பின்ன சட்டைப் பாக்கெட்ல போட்டுட்டு, துணில கையத் தொடச்சிட்டு எந்திரிச்சுப் போயிட்டேன். திரும்பி வந்து தாளப் பாத்தா பதினாலுல டிக் இருக்கு. சரி, பதினஞ்சு, செயின் கவர். போட்டேன். முடிஞ்சுது. நட்டும் தளர்ந்தபடியே நின்னு போச்சு... ஆமா. ஆமாம்மா.

...என்ன சொன்ன?

...சட்டைப் பாக்கெட்லன்னுதான் சொன்னேன். ஆமா... அப்புறம் எப்படி வாசல் பெருக்குறப்ப...

அது... குனிஞ்சப்ப விழுந்திருக்கும். பாக்கெட்லேர்ந்து விழுந்து, காலைல பெருக்குறப்ப...

அண்ணிகிட்டயா? எதுக்கு அவகிட்ட?... ஒரு வார்த்தை கேக்கணுமா. இதோ பக்கத்துலதான் நிக்கிறா. குடுக்கிறேன். அவளையே கேட்டுக்கோ...

(பக்கத்தில் நிற்பவளிடம்) உன்கிட்ட பேசணுமாம்... என்னடி, கையக் கட்டிக்கிட்டு நிக்கிற? வாங்கு... நீங்களே சொல்லுங்கன்னா என்ன அர்த்தம்? ஒரு வார்த்தை, வாசல்ல கெடந்துச்சுன்னு... வாங்க மாட்டியா?

...ஹலோ. இல்லம்மா, அவ வாங்கல.

அவ பெருக்கவே இல்ல. வாசல் இன்னும் அப்படியேதான் கெடக்கு, காலண்டர் தாளோட.

நான்தான் பாத்தேன்... அஞ்சு நிமிஷம் முன்னாடி இல்ல. ஒம்பது மணிக்கு. நீங்க வாசல் கேட்டுக்கிட்ட நிக்கிறப்ப... ஆமா. கெளம்புறதுக்கு முன்னாடி. குட்டிய தூக்கி வண்டில வெச்சேன்ல, அப்ப நெஞ்சுல குத்துச்சு. பாக்கெட்ல கைய விட்டேன். பின்னு. நேத்துப் போட்ட அதே சட்டைதான், வண்டி வேலை செஞ்ச சட்டைய மாத்தாமலே இருந்தேன், எல்லாரும் பாக்கட்டும்னு... கிரீஸ் கறையோட.

சொல்லியிருக்கலாம். வாயத் தொறந்தேன்மா. அப்பத்தான் மாப்ள உங்க மாமனார்கிட்ட ஃபோன்ல சொல்லிட்டிருந்தாரு, 'இனிமே கடைக்கே போக வேண்டாம்ப்பா, எங்க மச்சான் வீட்லயே ஒர்க்‌ஷாப் வெச்சிருக்காரு'ன்னு. மாடி வீட்டுக்காரங்க வேற எட்டிப் பாத்துட்டிருந்தாங்க. நேத்து பூரா எவ்வளவு பேசினேன்! கடைக்காரன் சுத்தியலால அடிப்பான், ரிம்மக் கெடுப்பான், நட்ட பாதி மரைல விட்டுடுவான், அவனுக்கு வண்டிமேல என்ன அக்கறைன்னு... நட்டப் பத்தி நான்தான் பேசினேன். அதுக்கப்புறம் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு, எல்லாரும் எறங்குங்க, செயின் கவரக் கழட்டணும்னு... ஒரு நிமிஷம்தான். கைய பாக்கெட்லயே வெச்சுக்கிட்டேன். இன்னொரு கையால டாட்டா காட்டினேன்.

அந்த ஆடுறது... ஆமா. அதையும் அப்பத்தான் சொன்னேன். பின் கைல பட்டதுக்கு அப்புறம்தான். புது டயர் ஆடும்னு... புது டயர்லாம் ஒண்ணும் ஆடாதும்மா. வழுக்கும்னு சொல்வாங்க. ஆடும்னு யாரும் சொல்ல மாட்டாங்க. வழில ஆடினா நீங்க பயந்துடக் கூடாதுன்னு சொன்னேனா, என் பேரு கெடக் கூடாதுன்னு சொன்னேனா... எனக்கே... இல்ல. தெரியும். என் பேருக்காகத்தான் சொன்னேன்.

அதுக்கப்புறம் அரை மணி நேரம் பின்ன உள்ளங்கைல வெச்சுக்கிட்டுப் படிக்கட்டுல உக்காந்திருந்தேன். டைட்டாதான் இருக்கும், டைட்டாதான் இருக்கும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு. உங்க அண்ணி வந்து, கைல என்னங்கன்னா. சொன்னேன். அவ உடனே உள்ள போய் ஃபோன எடுத்துட்டு வந்து கைல திணிச்சா. அவளப் போய் நான் சாட்சிக்குக் கூப்பிட்டேன் பாரு...

...ஏதாவது சொல்லும்மா. திட்டு. வாயில வந்தபடி திட்டு, வாங்கிக்கிறேன். மாப்ளகிட்ட மட்டும் இந்த ஒம்பது மணி விஷயத்த நானே நேர்ல சொல்லிக்கிறேன். நீ இப்ப சொல்லாத. அவரு மொகத்தப் பாத்து நானே...

ஸ்பீக்கர்ல இருக்கா?

...இன்னுமா? எடுக்கவே இல்லியா?

...மாப்ள. கேட்டுட்டீங்களா... எல்லாமா... சரி. கேட்டது நல்லதுதான். மாப்ள, நான்...

சரி, அத அப்புறம் பேசலாம். இப்ப நான் கெளம்புறேன். பின்னு, பெரிய ஸ்பேனர், அதுக்கு மாட்டுற நீளக் கைப்பிடி, எல்லாம் பைல எடுத்து வெச்சுட்டேன். பத்து அஞ்சுக்கு ஒரு பஸ் இருக்கு. முக்கால் மணி நேரம். அந்த டீக்கடை வாசல்லயே எறங்கிடுறேன். நீங்க நகராதீங்க. நானே என் கையால மாட்டி, மடக்கி, அப்புறம்...

...என்னது? வேண்டாமா?

எதுத்தாப்புல கடையா? பஞ்சர் கடை... எப்ப போய்க் கூட்டிட்டு வந்தீங்க? நான் டிக் கதை சொல்லிட்டிருந்தப்பவா... ஓ. இப்ப இறுக்கிட்டிருக்காரா?... பின்னு?... அவர்கிட்டயே டப்பா நெறைய இருக்கா. ஆமா, இருக்கும். கடைல இருக்கத்தான செய்யும்...

அவரும் கேட்டுட்டுதான் இருக்காரா? எல்லாத்தையுமா?... நான் கடைக்காரங்களப் பத்திச் சொன்னதையும்?... என்ன சொல்றாரு?... சிரிக்கிறாரா. சிரிக்கட்டும். சுத்தியல்... இல்ல, ஒண்ணும் இல்ல. அவரு எப்படிச் செஞ்சாலும் சரிதான்.

மாப்ள, முன்சக்கரத்தையும் ஒரு தடவ அவரையே பாக்கச் சொல்லுங்க. அதையும் நான்தான... ஆமா. பாத்தாச்சா. ரொம்ப சரி.

தங்கச்சிகிட்ட குடுங்களேன்... பேச மாட்டாளா. பரவால்ல, பேச வேண்டாம். கேட்டா போதும். ஸ்பீக்கர்ல தான இருக்கு. பாப்பா, நீ கேக்குறியா? போய்ச் சேந்ததும் ஒரு மிஸ்டு கால் குடு. அது போதும். வேற ஒண்ணும்... ஆ, சொல்லு. சொல்லும்மா.

...இந்தப் பின்னா? இதோ கைலதான் இருக்கு. கொண்டு வரட்டுமா?

...சரி.

...பாக்கெட்லயே வெச்சுக்கிறேன்.

ஹலோ?... பாப்பா?... ஹலோ?