வேட்டி கட்டிய ஓட்டக்காரர்கள்

அடுத்தவர் பொருளில் எனக்கு ஆசை கிடையாது. ரெமுவேராவில் புரொபசர் வீட்டை மூன்று வருஷமாகச் சுத்தம் செய்கிறேன். ஒரு ஸ்பூன் குறைந்ததில்லை. அவர் புகாரை வாபஸ் வாங்கினால்தான் என் விசா நிலைக்கும் என்று விசா ஆபீசர் நீங்கள் சொல்கிறீர்கள். அதனால், பங்கஜமாகிய நான் உள்ளதைச் சொல்கிறேன்.

அவர் அலமாரியில் இருந்த அந்தக் கிரேக்கக் குடம் தண்ணீர் மொள்வதற்குச் செய்தது என்று அவரேதான் சொன்னார். இந்தத் தொண்ணூற்றாறாம் வருஷ நவராத்திரிக்கு அவர் வெலிங்டன் போயிருந்தார். கொலுவின் மேல்படிக்குக் கலசம் வேண்டும். சும்மா இருக்கிற குடம்தானே என்று ரயிலில் மடியில் வைத்து நியூ லின்னில் என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

கறுப்புக் குடத்தைச் சுற்றிச் செம்மண் நிறத்தில் ஆறு ஆண்கள் ஓடுகிறார்கள். ஒருவர் உடம்பிலும் பொட்டுத் துணி இல்லை. அம்பாள் முன்னால் அப்படி ஓடலாமா? வெள்ளை எனாமல் பெயின்டில் ஆறு பேருக்கும் வேட்டி கட்டினேன். பச்சைக் கரை போட்டேன். முதலில் ஓடுகிறவனுக்கு மட்டும் ஜரிகை.

பிறகு தண்ணீர் நிரப்பினேன். மாவிலை இந்த ஊரில் ஏது? புரொபசர் தோட்டத்து எலுமிச்சை இலையைச் செருகித் தேங்காயை வைத்தேன். மனுகாவிலிருந்து அம்புஜம் வந்தாள். வருஷா வருஷம் தமிழ்ச் சங்கத்தின் கொலுப் பரிசு அவளுக்குத்தான்.

“இது ஏதுடி, பங்கஜம்?”

“எங்காத்துல பரம்பரையா இருக்கு.”

அவள் சுண்டலைக்கூடத் தொடவில்லை. பாவமாக இருந்தது.

எட்டாம் நாள் குடம் நாலாகப் பிரிந்தது. உடைந்த துண்டுகளை ஒட்டி வைத்தது, ஈரம் படக்கூடாது என்றும் அவர் சொல்லியிருந்தார்தான். மைதாப் பசை காய்ச்சி ஒட்டினேன். ஒருவனுக்கு மூன்று கால் வந்துவிட்டது. ஓடுகிறவன்தானே, இருக்கட்டும் என்று அலமாரியில் திருப்பி வைத்தேன்.

உங்களுக்கு மொழிபெயர்க்க வந்திருக்கும் இந்தக் குலசிங்கம் தம்பி, “அக்கா, உது ரெண்டாயிரத்து ஐஞ்ஞூறு வருசம் பழசெண்டு தெரியுமே?” என்று கேட்கிறார். தெரியும். அதனால்தான் புதுசாக்கிக் கொடுத்தேன்.

வேறு வழியிருந்தால் இதைச் செய்திருப்பேனா? கலசமில்லாமல் கொலு ஏது? எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு வெள்ளிக் கலசம். அதை அம்புஜம் போன வருஷமே பார்த்துவிட்டாள்.