பதினோராவது பாட்டு

அன்றைக்கு லிமோனாட் நன்றாக இருந்தது. எலுமிச்சையைத் தோலோடு நசுக்கி, பனிக்கட்டி போட்டுக் கொடுத்தார்கள். மதியத்துக்குள் நான்கு கோப்பை குடித்துவிட்டேன். மொரீஷியஸ் கோடையில், ஜனவரி மாதத்துப் போர்ட் லூயிஸ் வெயிலில் நாள் முழுக்கப் பாட்டுக் கேட்பவனுக்கு வேறென்ன வேண்டும். நான் விழாவை ரசித்தேன் என்பதை முதலில் பதிவு செய்துகொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர். வன்மத்தோடு வந்தவன் என்று உங்கள் குறிப்பில் இருக்கிறது. அது பிழை. பிழை திருத்துவது என் தொழில்.

இருபத்திரண்டு வருடமாக ஒரு பிரெஞ்சு நாளிதழில் புரூப் பார்க்கிறேன். அதனால் பிரெஞ்சில் எழுதித் தருவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். தமிழில்தான் எழுதுகிறேன். வாசித்துச் சொல்ல ஓர் ஆளை நீங்கள் தேட வேண்டியிருக்கும். தமிழர்கள் இருக்கும் தேர் ரூஜ் ஊர்ப் பக்கம் விசாரித்தால் கிடைப்பார்.

விழாவைத் துறைமுகத் தொழிலாளர்கள் சிலர் 1945இல் தொடங்கினார்கள். வருடத்துக்கு ஒரு ஞாயிறு. சர்க்கரை மூட்டையெல்லாம் கப்பலேறிய பிறகு காலியாகக் கிடக்கும் மரக் கிடங்கில், காலை பத்திலிருந்து மாலை ஆறு வரை. போஜ்புரிக் கல்யாணப் பாட்டு, கவ்வாலி, மாதா கோயில் பாடகர் குழு, கடைசியில் கிரியோல்காரர்களின் சேகா ஆட்டம். தமிழுக்கு நான். பன்னிரண்டு வருடமும் நான்தான்.

நான் பாடுவது முருகன்மேல் நானே கட்டிய பதிகம். பத்துப் பாட்டு, அதற்குமேல் பதினோராவதாக ஒன்று. அந்தப் பதினோராவதில்தான் பாடியவன் தன் பெயரைச் சொல்வான். கேட்டவர்களுக்கு என்ன பலன் என்றும் அங்கேதான் சொல்வான். பத்தைக் கேட்டுவிட்டு எழுந்து போகிறவன், பாடியவன் யார் என்று தெரியாமலே போகிறான்.

பத்துவரைகூட வீட்டாரைத் தவிர யாரும் விழித்திருந்து கேட்டதில்லை. அறிவிப்பாளர் ரோபெர் நல்ல மனிதர். என் முறை வந்ததும் வருடாவருடம் ஒரே வாக்கியம் சொல்வார்: "மெஸ்யே, மதாம், அடுத்தது வைத்திலிங்கம். லிமோனாட் குடிக்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பிறகு பெஞ்சுகள் தரையில் உராயும். மூன்றாம் பாட்டில் கிடங்கு காலியாகிவிடும். முன்வரிசையில் என் மனைவி பூங்காவனமும், பின்னால் தூங்குகிற இரண்டு பேரும் மிஞ்சுவார்கள். முதலில் எழுந்து போகிறவர்கள் நம் தமிழர்கள்தான். கோயிலில் தமிழ்ப் பாட்டைப் பிரெஞ்சு எழுத்தில் எழுதி வைத்த நோட்டைப் பார்த்துப் பாடுகிறவர்கள். அர்த்தம் தெரியாது, நீளமும் பிடிக்காது. என் தெருக்காரன் சின்னன் ஒரு வருடம் போகும்போது தோளைத் தட்டிச் சொன்னான்: "நல்லா இருக்கு மாமா. முடிஞ்சதும் கூப்பிடு."

இந்த வருடம் கிடங்குச் சாவியை நான் வைத்துக்கொள்கிறேன் என்று நவம்பரிலேயே விழாக் குழுவிடம் கேட்டு வாங்கினேன். அந்த வேலைக்கு வேறு யாரும் ஆசைப்படவில்லை.

கிடங்குக்கு ஒரே வாசல், மேடைக்கு எதிர்ப்புறம். இரட்டைக் கதவு, கதவோடு பதித்த பூட்டு. என் முறைக்குக் கொஞ்சம் முன்னால் கோடை மழை பிடித்துக்கொண்டது. முற்றத்தில் இருந்தவர்களும் உள்ளே வந்தார்கள். முந்நூறு பேர் இருக்கும். ஆனால் நம் ஊர் மழை பத்து நிமிடத்து மழை, விட்டால் எழுந்துவிடுவார்கள். சாரல் அடிக்கிறது என்று சொல்லிக் கதவைச் சாத்திப் பூட்டினேன். கைக்குழந்தைக்காரி ஒருத்தி எனக்கு நன்றிகூடச் சொன்னாள். சாவியை இடுப்பு வேட்டியில் செருகினேன். பூங்காவனம் மட்டும் அதைப் பார்த்தாள்.

நெருப்பு என்னுடையதல்ல. எனக்கு அடுத்த முறை ரேமோனின் சேகா குழு. அவர்களுடைய ரவான் ஆட்டுத்தோல் மேளம். அடிப்பதற்குச் சற்று முன்னால் தீயில் காட்டி முறுக்கேற்ற வேண்டும். நேரம் தாழ்த்தினால் தோல் தளர்ந்துவிடும். ஆகவே முன்கூட்டியே என்னிடம் வந்து கேட்டான்: "வைத்தி, எத்தனை பாட்டு? ஒண்ணு ரெண்டு குறைச்சுக்கோயேன்."

"பதினொன்று. குறைக்க மாட்டேன்" என்றேன்.

ஏழாவதில் தீ மூட்டுவதாகச் சொன்னான். வழக்கமாக முற்றத்தில் கரும்புச் சோகையைக் கொளுத்துவார்கள். அன்றைக்கு மழை. நான் கதவைச் சாத்துவதற்கு முன்பே கிடங்கின் வெளிப்பக்கத் தாழ்வாரத்துக்கு நகர்ந்துவிட்டார்கள். அங்கே காலிச் சாக்குகள் கூரை முட்ட அடுக்கியிருந்தன.

எட்டாவது பாட்டில் பலகை இடுக்குகள் வழியே புகை வந்தது. "ரேமோன் ஆட்டையே சுடுறான்" என்று யாரோ சொன்னார்கள், சிரிப்பு எழுந்தது. பிறகு சிரிப்பு நின்றது. பெஞ்சுகள் உராய்ந்தன. நான் பன்னிரண்டு வருடமாகக் கேட்ட அதே சத்தம். எழுந்து வாசலுக்குப் போனார்கள். கதவைத் தட்டினார்கள். நான் ஒன்பதாவதில் இருந்தேன். புகையைப் பார்த்தேனா என்று கேட்டீர்கள். பார்த்தேன்.

பூங்காவனம் வாசலுக்குப் போகவில்லை. மேடையடிக்கு வந்தாள். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் என் பாட்டுக்கு நடுவே அவள் பேசியதில்லை. அன்றைக்குப் பேசினாள், குரலை உயர்த்தாமல், கிரியோலில்: "லாக்லே. தோன் லாக்லே." சாவியைக் கொடு.

ஒன்பது அப்போதுதான் முடிந்திருந்தது. நான் இரண்டு விரலைக் காட்டினேன். இன்னும் இரண்டு.

விரலைப் பார்த்தாள். என் இடுப்பைப் பார்த்தாள். பிறகு திரும்பி, கூட்டத்துக்குள் போனாள். பிழைத்தவர்களின் சாட்சியத்தில், பச்சைப் புடவைக்காரி ஒருத்தி கடைசிவரை "கதவு மழையில் ஊறி உப்பிக்கிச்சு, தள்ளுங்க, தள்ளுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது என் மனைவி. சாவி யாரிடம் இருக்கிறது என்று அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. என் பக்கத்து நியாயம் அவளுக்குத் தெரிந்திருந்தது. தெரியாதவளாக இருந்தால் என் பெயரைச் சொல்லியிருப்பாள்.

மேடைக்கு மேலே கம்பி போட்ட ஜன்னல் ஒன்று உண்டு. காற்று வந்தது. குரல் நன்றாக நின்றது. பதினோராவதை அவசரப்படுத்தவில்லை. கடைசி அடியை, முறைப்படி, இரண்டு தடவை பாடினேன். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அதற்குள் துறைமுகத்து ஆட்கள் வெளியிலிருந்து தண்டவாளத் துண்டால் கதவை உடைத்திருந்தார்கள். நான் சாவியோடு நிதானமாக நடந்து வந்ததாக உங்கள் அறிக்கை சொல்கிறது. அது சரி. அதைத் திருத்த வேண்டாம்.

இறந்தவர்கள் பதினான்கு பேர். பட்டியலில் நான்காவது பூங்காவனம். அவள் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது, சேர்த்திருக்கிறேன். ஒன்பதாவது சின்னன். இந்த வருடம் அவனைக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ரேமோனைப் பார்த்தேன். இரண்டு கையிலும் கட்டு. சாக்குகளைக் கையாலேயே இழுத்துப் போட்டிருக்கிறான். என்னைக் கண்டதும் கேட்டான்: "நீ ஏன் திறக்கல, வைத்தி?"

"திறந்திருந்தால் போயிருப்பார்கள்" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. அவன் மேளம் அடிக்கும்போது யாரும் எழுந்து போனதில்லை.

பூட்டியது நான். சாவி என்னிடம் இருந்தது. திறக்க நேரமிருந்தும் திறக்கவில்லை. மூன்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள். ரோபெர் முதல் கைக்குழந்தைவரை, அன்றைக்கு ஒருவர்கூடப் பாதியில் போகவில்லை. கடைசிவரை கேட்டவருக்கு இனிப் பிறவியில்லை என்று பதினோராவது பாட்டில் 1945இலேயே எழுதி வைத்தேன். என் பெயரும் அதில்தான் இருக்கிறது. அவர்கள் கேட்டார்கள்.

இதை உங்களுக்கு வாசித்துச் சொல்ல வருகிறவர் நம் ஆளாகத்தான் இருப்பார். நடுவில் களைத்துப் போய், லிமோனாட் குடித்துவிட்டு வருகிறேன் என்பார். அவர் முடிக்கும்வரை கதவைச் சாத்தி வையுங்கள்.