விழிக்க மறுத்த பெட்டிகளை விழிக்க வைத்தவருக்கு

எவர் முகத்துக்கும் அஞ்சாது பிழையைப் பிழையென்றே உரைத்த எங்கள் தலைமைப் பொறியாளரே! கண்டிப்பும் கனிவும் கைகோத்த அருமை அக்கா, திருமதி டொலறஸ் சூசைதாசன் அவர்களே! வணக்கம்.

தனித்து வாழும் முதியோர், கழுத்தில் தொங்கும் பொத்தானை அழுத்தி உதவி கேட்கும் அவசர அழைப்புப் பெட்டியை நாம் உருவாக்கிய 2006ஆம் ஆண்டை, நீங்கள் பணியிலிருந்து விடைபெறும் இன்று பெருமிதத்தோடு நினைக்கிறோம். சோதனை மேசையில் சில பெட்டிகள் விழிக்கவே மறுத்தன. பெட்டியை எழுப்பும் முதல் நிரலான பூட்லோடர், தனக்கு வேண்டிய அமைப்புகளைப் பிளாஷ் நினைவகத்தில் சேமிக்கும். அந்நினைவகத்தின் சில பகுதிகள் பழுதாகவே வருவதுண்டு. எங்கள் நிரலோ பழுது பாராமல் அங்கேயே எழுதியது.

மலேசியாவிலிருந்து வந்த எங்கள் நிரலாளர் பவித்திரன், பழுதான பகுதியைத் தாண்டி அடுத்த நல்ல பகுதியில் எழுதவும், அவ்வாறே தாண்டிப் படிக்கவும் வழிசெய்தார். எல்லாப் பெட்டிகளும் விழித்தன. நாங்கள் கைதட்டினோம். நீங்களோ, அமைப்புகள் சேமிக்கப்படும்போதே மின்செருகியைப் பிடுங்கினீர்கள்! பழையது அழிந்தது, புதியது பதியவில்லை, பெட்டி மீண்டும் எழவில்லை.

"அக்கா, நாளைக்குப் பெட்டியளை ஏத்த லொறி வருது. சரியா அந்த நேரம் பாத்தா கரண்ட் போகப்போகுது? எங்கையாவது ஒண்டுக்குத்தான் நடக்கும்" என்றார் நிறுவன இயக்குநர் கமலநாதன்.

"அந்த ஒண்டு ஆருடைய வீட்டில நிக்குமெண்டு சொல்லுங்கோ, கையெழுத்து வைக்கிறன்" என்றீர்கள்.

குட்மேய்ஸில் தனியே இருக்கும் தம் தாயாருக்கும் ஒரு பெட்டி எடுத்து வைத்திருந்த அவர் உடனே போனை எடுத்தார். லொறியை நிறுத்தினார். வாங்குவோர் சீறினர்; ஒப்பந்தமே போய்விடும் என்றனர். "ஏச்செல்லாம் எனக்கு வரட்டும், நீங்கள் வேலையைப் பாருங்கோ" என்று எங்களைக் காத்தீர்கள். அமைப்புகளை இரண்டு பிரதிகளாக, வேறு வேறு நல்ல பகுதிகளில் வைத்தோம். புதிய பிரதி முழுமையாகப் பதிந்து, சரிபார்த்து முடியும்வரை பழையதைத் தொடுவதில்லை என்றாக்கினோம்.

அடுத்த மாரியில் பெட்டிகளில் புதிய மென்பொருளுக்கான அமைப்புகள் பதிந்துகொண்டிருக்க, வால்தம்ஸ்டோவில் மின்சாரம் நின்றது. நீங்கள் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு எங்கள் திரைக்கு முன்னால் வந்து நின்றீர்கள். மின்சாரம் திரும்பியதும் பெட்டிகள் ஒவ்வொன்றாக விழித்து, எங்கள் திரையில் பச்சை காட்டின. அன்று மாலையே அங்கு பாலாம்பிகை அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தார், பொத்தானை அழுத்தினார், அழைப்புப் போனது, அம்புலன்ஸ் வந்தது. அம்மா பிழைத்தார் என்றறிந்ததும் நீங்கள் படிக்கட்டுப் பக்கம் போய்க் கண்ணைத் துடைத்து வந்ததைப் பணிமனைத் தோழி கஜந்தினி எங்களுக்குச் சொல்லிவிட்டார். பொறுத்தருள்க!

அன்பு அக்கா! உடல்நலமும் உளநிறைவும் ஓங்க, கணவரோடும் பிள்ளைகளோடும் பல்லாண்டு மகிழ்ந்திருங்கள்! நீங்கள் வளர்த்த பணிமனை தளராது நிற்கும். ஆயினும் சிக்கலென்று வந்தால் உங்களுக்குத்தான் போன் எடுப்போம். "முதல்ல நீங்கள் என்ன செய்து பாத்தனீங்கள்?" என்று கேட்பீர்கள் என்பது தெரியும்.

செய்து பார்த்துவிட்டே எடுப்போம்.

உங்கள் பெயர் சொல்லும்
பணிமனைத் தோழர்கள்
வெம்பிளி, இலண்டன், 2009