சிவப்பு வண்டியும் பச்சை வண்டியும்

கொளஞ்சி: ...அந்த ஆளு பெஞ்சை விட்டு எந்திரிச்சாதான் நான் உக்காருவேன் சார். சொல்லிடுங்க.

குருநாதன்: எதுத்தாப்புலதானேய்யா இருக்காரு? நீயே சொல்லேன்.

கொளஞ்சி: அவருக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்ல. கல்லங்குறிச்சித் தேர் அன்னைக்கு என் வண்டியை வயக்காட்டுல எறக்கிட்டு முந்திக்கிட்டுப் போனாரே, அதுலேருந்து.

நைனா: மேனேஜர் சார், சைடு குடுக்கத் தெரியாதவங்க ரோட்டுக்கு வரக் கூடாதுன்னு அவருகிட்ட நீங்களே சொல்லிடுங்க.

குருநாதன்: ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே கேக்குது? நடுவுல நான் என்ன தபால்காரனா?

கொளஞ்சி: நீங்கதானே கூப்பிட்டு அனுப்புனீங்க...

குருநாதன்: ஆமாய்யா, தெரியாமக் கூப்பிட்டுட்டேன். சரி, நீ இந்த ஸ்டூல்ல உக்காரு. நைனா, நீ பெஞ்சுலயே இரு. இப்ப ரெண்டு பேரும் கேட்டுக்குங்க. நேத்து வரைக்கும் செகப்பு பஸ் ஒரு கம்பெனி, பச்சை பஸ் ஒரு கம்பெனி. இன்னையிலேருந்து ரெண்டும் ஒண்ணு. ஒரே முதலாளி.

நைனா: ஊரே சொல்லுதே சார்.

குருநாதன்: இந்த உலக யுத்தம் முடியற வரைக்கும் பெட்ரோலும் கெடைக்காது, டயரும் கெடைக்காது. பின்னால அடுப்புல கரி எரிச்சு அந்தப் புகையில ஓடுற கரி வண்டிதான். அதுலயும் பாதி வண்டிதான் இனிமே அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் ஓடும். வண்டி பாதின்னா டிரைவர் மட்டும் முழுசா எதுக்கு? அதான் செகப்பு டிரைவருங்களுக்காக நீ, பச்சைக்காரங்களுக்காக நைனா. யாரு முன்ன, யாரு பின்னன்னு ரெண்டு பேரும் பேசி ஒரே வரிசையாப் போட்டுக் குடுங்க. கடைசியில வர்றவங்க வூட்டுக்குப் போயிடணும். முதலாளி உள்ளதான் இருக்காரு. மெட்ராஸ் ரயில்ல ஏறப்போறாரு. அதுக்குள்ள முடியணும்.

நைனா: முடியலைன்னா?

குருநாதன்: அவரே போடுவாரு. அப்புறம் அதைச் சொன்னோம், இதைச் சொன்னோம்னு வந்து நிக்கக் கூடாது.

கொளஞ்சி: அவரு போட்டாருன்னா நாளைக்கு ஒரு வண்டிக்கும் எங்க ஆளுங்க அடுப்பு பத்த வைக்க மாட்டாங்க.

நைனா: எங்க ஆளுங்களும்தான்.

குருநாதன்: இதுல மட்டும் ஒத்துமையப் பாரு!... சரி, சொல்லு கொளஞ்சி. எதை வச்சு வரிசை?

கொளஞ்சி: இதுல என்ன சார் இருக்கு? கம்பெனியில யாரு முன்ன சேந்தாங்களோ அவங்க முன்ன.

நைனா: அவருக்கென்ன, இந்த ஊருக்கு மொத மோட்டார் வந்தப்பவே தொத்திக்கிட்டாரு. நான் ரங்கூன்ல ஓட்டுனதெல்லாம் எந்தக் கணக்குல சார் சேரும்? ஜப்பான்காரன் குண்டு போட்டான்னு காடும் மலையுமா நடந்து வந்து லப்பைக்குடிக்காட்டுல விழுந்தேன். அப்புறம்தானே பச்சை வண்டியில ஏறினேன்?

கொளஞ்சி: ரங்கூன்ல ஓட்டுனவங்க ரங்கூன்ல போயி வரிசை கேக்கட்டும்.

நைனா: லைசென்சு எடுத்த வருசத்தைப் பாருங்க சார். யாரு முன்ன எடுத்தாங்களோ அவங்கதான் முன்ன. நாயம் அதான்.

குருநாதன்: இருங்கய்யா, இருங்க. கொளஞ்சி சொல்ற மாதிரி பாத்தா... நைனா, நீதான் கடைசி. நீதான் மொதல்ல வூட்டுக்குப் போவணும்.

நைனா: தெரியும் சார்.

குருநாதன்: நைனா சொல்ற மாதிரி பாத்தா... உங்க ஆளு செல்லதுரை போயிடுவான் கொளஞ்சி.

கொளஞ்சி: அவனுக்கு இப்பதான் பொண்ணு பொறந்துருக்கு சார். பச்ச ஒடம்புக்காரிய வச்சுக்கிட்டு அவன் எங்க போவான்?

நைனா: எங்க வூட்டுல மட்டும் நாலு உசிரு காத்தைக் குடிச்சுக்கிட்டா இருக்கும்னு கேளுங்க.

குருநாதன்: நான் ஒண்ணும் கேக்கலை. எனக்கு நெஞ்சு அடைக்குது.

நைனா: அஸர் தொழுகைக்கு நேரமாச்சு சார். பள்ளிவாசல் பக்கத்துலதான். தொழுதுட்டு வந்துடுறேன்.

குருநாதன்: போ, போ. எனக்கும் சேத்து துவா கேளு. சட்டுனு வந்துடு.

கொளஞ்சி: நானும் வெளியில போயி ஒரு பீடி...

குருநாதன்: நீ இரு. உக்காருன்னா உக்காரு... போயிட்டானா?

கொளஞ்சி: போயிட்டாரு.

குருநாதன்: போன வாரம் ஒண்ணு கேட்டேனே?

கொளஞ்சி: என்ன சார் கேட்டீங்க?

குருநாதன்: தெரியாத மாதிரி பாக்காத. குன்னத்துக்கு இந்தப் பக்கம், கெணத்தோரம், விடியற நேரத்துல பச்சை வண்டி கோணிக்கிட்டு நின்னுச்சாம். கரிப்புகை ஏறி நைனா ஸ்டீரிங்கு மேலயே சாஞ்சு கெடந்தானாம். நல்ல வேளை, காலி வண்டி. பின்னாலயே வந்தது உன் வண்டி. கிட்டப் போயிப் பாத்தது நீ ஒருத்தன்தான்.

கொளஞ்சி: யாரு சொன்னாங்க?

குருநாதன்: தூரத்துல வயல்ல நின்னவன் சொன்னான். நெசமா, பொய்யா? 'ஆமா, பாத்தேன்'னு ஒரு வார்த்தை முதலாளிகிட்ட சொல்லு. மயக்கம் போடுற டிரைவரை எவன் வச்சுப்பான்? அவன் போயிட்டா பச்சைக்காரங்களுக்குப் பேச ஆளு கெடையாது. செல்லதுரையும் தப்பிச்சுப்பான். நீ ஹெட் டிரைவர். வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு மேற்பார்வை பாக்கலாம்.

கொளஞ்சி: ...

குருநாதன்: உன் விரோதிதானேய்யா அவன்? இதுக்கென்ன இம்மாம் யோசனை?

கொளஞ்சி: யோசிச்சுக்கிட்டுதான் இருக்கேன் சார். கரி வண்டியே சூடேற நேரமாவுது. எனக்கு ஆவாதா?

குருநாதன்: ரயில் வந்துடும்.

கொளஞ்சி: தெரியும் சார்... தெரியுது.

குருநாதன்: அந்தா, வர்றான். அவன் முன்னாடியே சொன்னாலும் சரி, அவன் போனப்புறம் சொன்னாலும் சரி... வாய்யா நைனா. தொழுதாச்சா? மனசு கொஞ்சம் எறங்கிச்சா?

நைனா: எறங்கலை சார். ஏறிடுச்சு. ஒண்ணு சொல்லிடுறேன், கேட்டுக்குங்க. அந்த ஆளு பேருக்குக் கீழ எம் பேரு வந்துச்சுன்னா நான் வண்டியைத் தொட மாட்டேன். ஊரு சிரிக்கும். அந்தக் கெழவனுக்குக் கீழயா நான் ஓட்டுறது?

குருநாதன்: நைனா, நைனா... மெதுவா. முதலாளி காதுல விழும்.

நைனா: விழட்டும்! கண்ணு மங்கி, கை நடுங்கி, மாட்டு வண்டிகூட முந்திட்டுப் போவுது அவரை. அவரு எனக்கு முன்னவா? ஏன் சார், இப்ப வாயே தெறக்கலையே? பதிலு இல்லையா அவருகிட்ட?

குருநாதன்: கொளஞ்சி... நீ என்னமோ சொல்லணும்னு இருந்தியே. சொல்லு.

கொளஞ்சி: ...

குருநாதன்: சொல்லுய்யா. தைரியமாச் சொல்லு.

கொளஞ்சி: ...டேய்! யாரைடா கெழவன்ங்கிற, நாறப்பயலே! ரங்கூன்ல நீ ஓட்டுனது ஓட்டைத் தகரம்டா! கியர் போடத் தெரியுமா ஒனக்கு? ஏத்தத்துல ஜனங்களை எறக்கித் தள்ள வுடுற பய, நீ எனக்கு மேல வந்துடுவியா? வந்துருவியாடா?

குருநாதன்: ஐயையோ... நேராவே பேசிட்டானே!

கொளஞ்சி: எழுதிக்குங்க சார். அவன் எனக்கு மேலயும் வரக் கூடாது. எனக்குக் கீழ இருந்தும் என் உசிரை எடுக்கக் கூடாது.

நைனா: எனக்கும் அதேதான் சார். மேலயும் வேணாம், கீழயும் வேணாம்.

குருநாதன்: மேலயும் கூடாது, கீழயும் கூடாதுன்னா வரிசையை எப்படிய்யா போடுறது? பக்கத்துலயா போடுறது?... அடக் கருமமே... இருங்க. ஏன்யா... வரிசையே எதுக்கு?

கொளஞ்சி: என்ன சார் சொல்றீங்க?

குருநாதன்: ஏரித் தண்ணி கொறஞ்சா என்ன பண்றோம்? ஒருத்தன் வயலைக் காயப் போட்டுட்டு இன்னொருத்தனுக்கா பாச்சறோம்? முறை வச்சுக்கிறோமில்ல? அதே மாதிரி எல்லா டிரைவரும் இருங்க. ஒருத்தனும் போவ வேணாம். முறை வச்சு ஓட்டுங்க. டிரிப்புக்குத்தானே கூலி? முதலாளிக்கு ஒரு நட்டமும் இல்ல.

நைனா: கூலி கொறஞ்சு போயிடுமே சார்...

குருநாதன்: கொறையும். வேலை இருக்கும்ல?

கொளஞ்சி: எங்க ஆளுங்க ஒத்துக்குவாங்களோ என்னமோ...

குருநாதன்: நீ ஒத்துக்கய்யா மொதல்ல!

கொளஞ்சி: நீங்க இவ்வளவு தூரம் சொல்றீங்களேன்னுதான் பாக்குறேன். ஆனா ஒண்ணு. நான் ஓட்டப் போற வண்டிக்கு விடியறதுக்கு முன்ன எந்திரிச்சு நானே அடுப்பு பத்த வச்சு, விசிறி சுத்தி, அம்மாம் புகையையும் குடிக்கணும். முறை இல்லாத அன்னைக்கு அந்த ஆளு வூட்டுல போத்திக்கிட்டுத் தூங்குவாரா?

நைனா: ஆமா, அவரு மட்டும் முறை இல்லாத அன்னைக்கு ஏரு புடிப்பாராக்கும்!

குருநாதன்: இதுக்கும் சண்டையா? முறை இல்லாதவன் வந்து அடுப்பு பத்த வைக்கட்டும். முறை உள்ளவன் வந்து ஏறி ஓட்டட்டும். பத்த வச்சவன் அன்னைக்கு ஓட்டக் கூடாது. ஓட்டுறவன் பத்த வைக்கக் கூடாது. சரியாப் போச்சா?

கொளஞ்சி: பத்த வைக்கிறவன் சும்மாவா வருவான்?

குருநாதன்: அரைக் கூலி. போதுமா? கரிக்காரன் ஒருத்தனை வச்சாலும் குடுக்கத்தான் வேணும். அவ்வளவுதான், இதுக்கு மேல வாயைத் தெறக்கக் கூடாது. நான் உள்ள போயிக் கையெழுத்து வாங்கிட்டு வரேன். அது வரைக்கும் அடிச்சுக்காம இருங்க.

நைனா: ...

கொளஞ்சி: ...

நைனா: ...

குருநாதன்: ...முடிஞ்சுது! போட்டுட்டாரு. "குருநாதா, யாரு மூளை இது?"ன்னு முதுகுல தட்டுறாரு. என் மூளைதான்னு சொன்னேன். பொய்யா?

நைனா: உங்களுக்குத்தான் சார் வரும் இந்த மாதிரி.

கொளஞ்சி: எங்களால ஆவற காரியமா?

குருநாதன்: இனிமே ஒரே கம்பெனிய்யா நீங்க. இப்பவாச்சும் ஒருத்தருக்கொருத்தர் முகம் பாத்து ஒரு வார்த்தை நல்லாப் பேசுங்களேன்.

கொளஞ்சி: அது மட்டும் கேக்காதீங்க சார்.

நைனா: உசிரு போனாலும் முடியாது.

குருநாதன்: எக்கேடும் கெட்டுப் போங்க. முதலாளியை ரயிலேத்தி வுட்டுட்டு வரேன். கதவைச் சாத்திட்டுப் போங்க... அந்தப் பக்கம் ஒருத்தன், இந்தப் பக்கம் ஒருத்தன்!

நைனா: போயிட்டாங்களா?

கொளஞ்சி: ஸ்டேஷன் பக்கம் திரும்பியாச்சு... சிரிக்காதடா, சிரிக்காத. ஜன்னல் தெறந்து கெடக்கு.

நைனா: அவரு மூளையாம்ணே!

கொளஞ்சி: இருந்துட்டுப் போவுது. குன்னத்துல தண்ணி ஊத்த வண்டிய நிறுத்தினப்ப நீ இதைச் சொன்னியே, எனக்கு நம்பிக்கையே இல்ல. "நம்ம கேட்டா தர மாட்டாங்க, அவங்களே சொல்ற மாதிரி பண்ணணும்"ன்னே... அதேதான் நடந்துச்சு.

நைனா: அரைக் கூலி நம்ம பேசி வச்சதுல இல்லையே?

கொளஞ்சி: வாயில வந்துச்சு, கேட்டுப்புட்டேன். குடுத்துட்டாரு.

நைனா: கூலிகூடப் பெருசில்லண்ணே. புகையில நின்னவன் அன்னைக்கு ஓட்ட மாட்டான்ல, அது போதும். அன்னைக்கு நீங்க என்னை இழுத்துப் போட்டு மூஞ்சியில தண்ணி அடிக்கலைன்னா, வண்டியோட கெணத்துக்குள்ள போயிருப்பேன். வெளியில தெரிஞ்சா வேலை போயிடும்னு இத்தனை நாளும் நீங்க வாயைத் தெறக்கலை. முன்ன மாதிரியே விரோதியா நடிச்சீங்க.

கொளஞ்சி: ...நைனா.

நைனா: என்னண்ணே?

கொளஞ்சி: அப்படியெல்லாம் சொல்லாத. மனசு உறுத்துது. நீ தொழப் போனப்ப மேனேஜரு கேட்டாரு. ஒரு வார்த்தை சொல்லு, நீ ஹெட் டிரைவர்னாரு.

நைனா: ம்.

கொளஞ்சி: நான் முடியாதுன்னு சொல்லலை. யோசிக்கிறேன்னு சொன்னேன். நடிப்புக்குச் சொன்னேன்னு நெனைக்காத. நெசமாவே யோசிச்சேன்டா. போன வாரம் கேட்டதுலேருந்து யோசிக்கிறேன். உன்கூட உக்காந்து திட்டம் போடுறப்பவும் யோசிச்சேன். பொண்ணு கல்யாணத்துக்கு நிக்கிறா. எம் பொஞ்சாதி ரெங்கம்மா தெனம் கேக்குறா. மேனேஜரு "தைரியமாச் சொல்லு"ன்னாரே... நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு.

நைனா: தெரியும்ணே.

கொளஞ்சி: என்ன தெரியும்?

நைனா: நான் பள்ளிக்குப் போவவே இல்ல. அந்த ஜன்னலுக்கு வெளியில செவுத்தோரம் நின்னுக்கிட்டிருந்தேன். எல்லாத்தையும் கேட்டேன். என்ன செய்யறதுன்னு தெரியலை, உள்ள வந்து பேசி வச்சபடி கத்துனேன். நீங்க பதிலு பேசாம கம்முனு உக்காந்திருந்தீங்க பாருங்க... முடிஞ்சுபோச்சு, வூட்டுல போயி பாத்திமாகிட்ட என்ன சொல்றதுன்னு நெனைச்சேன். அப்புறம் "நாறப்பயலே"ன்னு வாய் நெறையத் திட்டுனீங்களே... அல்ஹம்துலில்லா, அப்பதாண்ணே எனக்கு மூச்சு வந்துச்சு. கொஞ்சம் வழி வுடுங்க, நான் இனிமேதான் அஸர் தொழணும்.