அரசாங்கக் காசும் அனஸ்ரேசியாவின் காட்சியும்

கொட்டும் பனியிலும் மோர்டென்ஸ்ருட் மண்டபத்தை நிறைத்திருக்கும் பெருமக்களே! "சுருக்கமாகப் பேசுங்கோ" என்று என் காதைக் கடித்து அனுப்பிய தலைவர் சபாரத்தினம் அவர்களே! மூத்தோரே! வேலைச் சீருடையும் மாற்றாமல் ஓடிவந்திருக்கும் தாய்மாரே! தமிழ் விளங்காமலே எங்களோடு சேர்ந்து சிரிக்கும், இந்த ஊர் நகரசபையான கொம்மூனின் அதிகாரிகளே! சிறீஸ்கந்தராசாவின் சிரம் தாழ்ந்த வணக்கம்.

கலைக்கு அரசு பணம் தரலாமா? இதுதான் எனக்குத் தந்த தலைப்பு.

"கூடாது!" என்கிறார் பின்வரிசையில் ஒருவர். பொறுங்கோ அண்ணை, வாறன்.

தொண்ணூற்றுநான்காம் ஆண்டு. எங்கள் நாடகக் குழுவிடம் மேடை இருந்ததா? இல்லை. திரை இருந்ததா? இல்லை. என் அடுக்குமாடியின் நிலவறையில், சலவை இயந்திரங்களுக்கு நடுவே ஒத்திகை! இயந்திரம் சுழலச் சுழல வசனத்தைக் கத்துவோம். அது சட்டென்று நின்றால் எங்கள் குரல் எங்களுக்கே சிரிப்பூட்டும். அந்தச் சவர்க்கார வாசம் இன்றைக்கும் எங்காவது வந்தால், ஐயோ, நெஞ்சு அங்கே ஓடிவிடுகிறது!

ஹோட்டல் அறைகளைத் துடைத்த கையோடு அங்கே வருவார் சகோதரி அனஸ்ரேசியா. ஊரில் விட்டுவந்த பிள்ளையை இங்கே கூப்பிட விண்ணப்பித்து, படிவத்துக்கு மேல் படிவமாக அலையும் ஒரு தாயின் வேடம் அவருக்கு. அதிகாரியின் முகத்துக்கு நேரே அவர் கேள்வி கேட்கும் காட்சியில் நாங்கள் மூச்சுவிட மறந்துபோவோம்.

அந்த நேரம் கொம்மூன் மானியம் வந்தது. மண்டபம் வந்தது, விளக்கு வந்தது, கூடவே எனக்குப் பயமும் வந்தது. காசு தந்தவரை மேடையில் ஏசலாமா? நாடகத்தன்று காலை அந்தக் காட்சியை வெட்டினேன்.

"ஆர் அண்ணை வெட்டச் சொன்னது?" என்று கேட்டார் அனஸ்ரேசியா.

"ஆரும் சொல்லேல்லை பிள்ளை. நாங்களாத்தான் மரியாதையா நடக்கோணும்."

"மூண்டு மாசம் இந்தக் காட்சியைப் பழகினனான். அப்ப நான் என்னத்துக்கு?"

பையைத் தூக்கிக்கொண்டு போனவர் பன்னிரண்டு ஆண்டுகள் எந்த மேடையிலும் ஏறவில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? நாடகம் பார்க்க வந்த கொம்மூன் பெண் அதிகாரிக்கு மாலை போட்டேன், பொன்னாடை போர்த்தினேன், இருபது நிமிடம் நன்றி சொன்னேன். சிரிக்கிறீர்கள், சிரியுங்கள்! நாடகம் முடிந்ததும் அந்த அம்மையார் கேட்டார்: "விண்ணப்பத்தோடு அனுப்பிய மொழிபெயர்ப்பில் அதிகாரியை ஏசும் தாய் ஒருவர் இருந்தாரே, அவர் எங்கே? அந்தக் காட்சிக்காகத்தான் நான் கையெழுத்திட்டேன். எனக்கு ஏன் நன்றி? இந்தக் காசில் நீங்கள் கட்டும் வரிப்பணமும் இருக்கிறதே."

என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

பின்வரிசை அண்ணா, இப்போது சொல்கிறேன். நூலகத்துக்குத் தரும் அரசு நாடகத்துக்கும் தரட்டும்! தாராளமாகத் தரட்டும்! தலை நிமிர்ந்து வாங்குவோம், வாங்கிய பின்பும் வாய் திறந்து பேசுவோம்! அன்று என்னை எவர் மிரட்டினார்? எவருமில்லை. எவரும் கேளாமலே பணிந்தவன் நான். ஒரு நல்ல நடிகையின் பன்னிரண்டு ஆண்டுகளைத் தின்றது அரசாங்கக் காசு அல்ல, என் கோழைத்தனம்!

இன்றும் கொம்மூன் காசில்தான் அதே நாடகம். இன்று ஒரு வசனமும் வெட்டப்படவில்லை; அந்தத் தாயாக அனஸ்ரேசியாவே வருகிறார். அனஸ்ரேசியா, தங்கச்சி, இத்தனை பேர் முன்னிலையில் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

அதோ, திரைக்குப் பின்னாலிருந்து குரல் கொடுக்கிறார், கேளுங்கள்: "மன்னிப்பைப் பிறகு பாப்பம் அண்ணை! முதல்ல மேடையை விட்டு இறங்குங்கோ!"

இறங்குகிறேன் தாயே. பொறுமையோடு கேட்டவர்களுக்கு நன்றி, எல்லோருக்கும் வணக்கம். திரையைத் திறவுங்கள்!