இந்தோலின் இரண்டாம் இடமும் எபினேசர் எழுதிய இரண்டு மணி நேரமும்

எங்கள் மருந்து ஆலையின் நிர்வாகத் தலைவராய், ஆணிவேராய் அமர்ந்து இவ்விழாவுக்குத் தலைமையேற்றிருக்கும் பெருமதிப்புக்குரிய பார்த்திபன் அவர்களே! கும்மிடிப்பூண்டித் தொழிலாளர் நலமன்றத்தின் நற்பணியாளர்களே! மூன்று ஷிஃப்டிலும் முகம் சுளிக்காமல் உழைத்து, சீருடைகூட மாற்றாமல் வந்திருக்கும் சகோதரர்களே! அவர்களுக்கு அன்றாடம் டிபன் பாக்ஸ் கட்டித் தரும் அன்புத் தாய்மார்களே! செவ்வாப்பேட்டையிலிருந்து தினமும் ரயிலேறி வரும் இந்த நந்தினியின் நன்றி நிறைந்த வணக்கம்!

"புதிய வழி கண்ட வேதியியல் அறிஞர்" என்று எனக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள். போர்த்திய கைகளுக்கு நன்றி. ஆனால் கண்டவள் நானா? நான் மட்டும்தானா? அந்தக் கதையைச் சொல்லத்தான் எழுந்திருக்கிறேன்.

இந்தோல் என்றொரு மூலக்கூறு. ஆறு மூலை வளையமும் ஐந்து மூலை வளையமும் ஒட்டிப் பிறந்த இரட்டையர். மல்லிகையின் மணத்திலும் அது உண்டு. மலத்தின் நாற்றத்திலும் அது உண்டு! சிரிக்காதீர்கள் தாய்மார்களே, சத்தியமான உண்மை. பற்பல மருந்துகளுக்கு அதுவே முதுகெலும்பு. அதில் புதிய பகுதி ஒன்றை ஒட்டவைத்தால் புதிய மருந்துக்கு வழி பிறக்கும். ஆனால் எதை ஒட்டினாலும் அது வளையத்தின் மூன்றாம் எண் மூலைக்கே, மூன்றாம் இடத்துக்கே ஓடும். எங்களுக்கு வேண்டியதோ இரண்டாம் இடம்!

செவ்வாப்பேட்டை ஸ்டேஷனில் பார்த்திருப்பீர்கள். பெட்டிக்கு எத்தனை வாசல் இருந்தாலும், மேம்பாலப் படிக்கு எதிரே நிற்கும் வாசலில்தான் கூட்டம் முட்டும். அடுத்த வாசல் காலி என்று ஒருவர் கைகாட்டினால் போதும், ஆட்கள் அங்கே ஏறிவிடுவார்கள். கைகாட்டியவர் ஏறமாட்டார், அடுத்த ரயிலுக்கும் கைகாட்ட அங்கேயே நிற்பார். அவர்தான் ஐயா வினையூக்கி! எங்கள் வினையூக்கி பல்லேடியம் என்னும் உலோகம். இரண்டு ஆண்டுகள் அதைக் கெஞ்சினோம், கொஞ்சினோம். அது பழைய வாசலையே காட்டிக்கொண்டிருந்தது.

எங்கள் ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. ஆடி ஞாயிறுகளில், ரியாக்டர் என்னும் வினைக்கலனை இயக்கும் முனுசாமி பெரியபாளையத்து அம்மனைப் பார்க்கப் போவார். அவருடைய ரியாக்டரையும் பக்கத்து ரியாக்டரில் நிற்கும் எபினேசர் பார்த்துக்கொள்வார். கிறிஸ்துமஸ் அன்று எபினேசர் ஆலயத்துக்குப் போவார், முனுசாமி நிற்பார். எந்தச் சட்டத்திலும் எழுதாத ஏற்பாடு இது.

கடந்த ஆடியில் ஒரு ஞாயிறு. கழுவிய ரியாக்டரை நைட்ரஜன் செலுத்தி ஆறு மணி நேரம் உலர்த்த வேண்டும். இரண்டு ரியாக்டர்களுக்கும் நடுவே ஓடிய எபினேசர் இரண்டு மணி நேரத்தில் நிறுத்திவிட்டார். அவர் ஒப்பந்தத் தொழிலாளி. ஒவ்வொரு தயாரிப்புக்கும் நேரம் குறிக்கும் பேட்ச் ஷீட்டில் 'ஆறு' என்று எழுதியிருந்தால் கேட்பார் யார்? அவரோ 'இரண்டு' என்றே எழுதினார்!

மறுநாள் நான் சீறினேன். அவர் சொன்னார்: "ரெண்டு மிஷினையும் பாத்துக்கினு இருந்தேன் மேடம். ரெண்டு அவர்தான் காய வுட்டேன். தப்புதான். அதுக்காக பொய் எழுத சொல்றீங்களா?"

'கவனக்குறைவு' என்று மெமோ எழுதியது யார்? இந்தக் கை! அவரை வீட்டுக்கு அனுப்பியது யார்? இந்த நந்தினி!

மூன்றாம் நாள், அரைகுறையாய் உலர்ந்த அந்த ரியாக்டரில் தயாரான பேட்சைக் கழிவில் சேர்க்குமுன் ஒப்புக்குச் சோதித்தேன். நூற்றுக்குத் தொண்ணூறு இரண்டாம் இடத்தில்! மீண்டும் இரண்டு மணி நேரம் உலர்த்தினேன்; அதே தொண்ணூறு. ஆறு மணி நேரம் உலர்த்தினேன். பழையபடி மூன்றாம் இடம். பல்லேடியத்தைத் திருப்பியது மிச்சமிருந்த அந்தத் துளி ஈரம்! அவர் 'ஆறு' என்று எழுதியிருந்தால் இன்றும் நான் தேடிக்கொண்டிருப்பேன்.

சோழவரத்தில் அவர் வீட்டுக்கு ஓடினேன். "வேலைக்கு வாங்க எபினேசர், ரிசல்ட் கிடைச்சிடுச்சு" என்றேன். அவர் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "அப்ப முனுசாமிக்கு ஒண்ணும் பேஜாரு இல்லியே மேடம்?"

 மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. படித்த திமிர்! இன்று கேட்கிறேன். ஐந்தாம் வரிசையில் இருக்கும் எபினேசர் அண்ணே, என்னை மன்னித்துவிடுங்கள். தலையைக் குனியாதீர்கள், குனிய வேண்டியவள் நான்.

தலைவர் அவர்களே! அடுத்த மாதம் நிரந்தரப் பணியாளர் பட்டியல் வருகிறது. நான் எழுதிய மெமோ அவர் கோப்பில் இருக்கும்வரை அவர் பெயர் அதில் ஏறாது. உண்மையை எழுதியதற்கா இந்தத் தண்டனை? அந்த மெமோவை நீக்கக் கோரும் கடிதம் இதோ என் கையில். நான் கையெழுத்திட்டுவிட்டேன். உங்கள் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

பொறுங்கள், கைதட்டல் நிற்கட்டும்... தலைவர் எழுந்து வருகிறார். பேனா கேட்கிறார். கையெழுத்திடுகிறார்! எபினேசர் அண்ணே, நிமிர்ந்து பாருங்கள்!

 உண்மையை எழுதிய கைக்கு நன்றி. என் தவற்றை அழித்த கைக்கு நன்றி. உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்!